பாசிட்டிவ்னா நல்லதா, கெட்டதா? பழுப்பு நிறத்தை நம்பி ஒரு சிகிச்சை

(எபிசோடில் பேசியது, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தித் தரப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு நேரா விஷயத்துக்கு வந்துடலாம்.

மார்பகப் புற்றுநோய்க்கு பயாப்சி எடுத்த யாராவது உங்க வீட்டுலயோ தெரிஞ்சவங்க வீட்டுலயோ இருந்தா, அந்த ரிப்போர்ட்ல ஒரு வரி கண்டிப்பா கண்ணுல பட்டிருக்கும். "ஈஆர் பாசிட்டிவ்", இல்லன்னா "ஈஆர் நெகட்டிவ்". கொரோனா காலத்துக்கு அப்புறம் நமக்கெல்லாம் பாசிட்டிவ்னாலே ஒரு பயம். நெகட்டிவ்னு வந்தா "அப்பாடா"ன்னு மூச்சு விடுவோம். ஆனா இந்த ஒரு வரியில கணக்கு தலைகீழ். இங்க பாசிட்டிவ்னு வந்தா, டாக்டர் கையில கூடுதலா ஒரு ஆயுதம் இருக்குன்னு அர்த்தம். நெகட்டிவ்னா அந்த ஆயுதம் பயன்படாது.

அப்படின்னா அந்த ஒரு வார்த்தை சரியா இருக்கணும் இல்லையா? அதை முடிவு பண்றது எது? ஸ்கேன் இல்ல, ரத்த டெஸ்ட் இல்ல. கண்ணாடி ஸ்லைடு மேல ஊத்துற ஒரு ஆன்டிபாடி. அது ஒட்டினா பழுப்பு நிறம் வரும், ஒட்டலன்னா வராது. அந்த நிறத்தை எப்போ நம்பலாம், எப்போ நம்பக்கூடாது? இன்னைக்கு எபிசோடு அதைப் பத்தித்தான்.

முதல்ல, ஈஆர்னா என்ன?

ஈஆர்னா ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர். ரிசெப்டரைத் தமிழ்ல ஏற்பின்னு சொல்வாங்க. ஈஸ்ட்ரோஜன் ஒரு ஹார்மோன், அது உங்களுக்குத் தெரியும். ரத்தத்துல உடம்பு முழுக்க ஓடிக்கிட்டே இருக்கும். ஆனா எல்லா செல்லும் அதுக்கு ஒரே மாதிரி பதில் சொல்றதில்ல. கர்ப்பப்பை, மார்பகம் மாதிரி சில இடங்கள்தான் அதிகமா கேட்கும். ஏன்னா அங்க இருக்கிற செல்களுக்குள்ள இந்த ஏற்பி இருக்கு.

இந்த ஏற்பி ஒரு புரதம். செல்லோட உட்கருவுக்குள்ள இருக்கும். ஈஸ்ட்ரோஜன் வந்து இதைப் பிடிச்சதும், இது நேரா டிஎன்ஏ மேல போய் உட்காரும். உட்கார்ந்து "இந்த ஜீனை ஆன் பண்ணு, அந்த ஜீனை ஆஃப் பண்ணு"ன்னு உத்தரவு போடும். ஜீனை இயக்குற இந்த மாதிரி புரதங்களுக்கு ட்ரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்னு பேரு. மார்பகப் புற்றுநோய்ல பெரும்பாலானது, உத்தேசமா நாலுல மூணு பங்கு, இந்தப் புரதத்தை வச்சுத்தான் வளருது. ஈஸ்ட்ரோஜன் வரும், இது உத்தரவு போடும், செல் பிரியும், கட்டி பெருசாகும்.

அப்போ இந்தப் புரதத்தை அடைச்சுட்டா? அதைத்தான் டமாக்சிஃபென்ங்கிற மாத்திரை செய்யுது. தினம் ஒரு மாத்திரை, பல வருஷம். விலையும் பெருசா இல்ல. உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பார்த்தப்போ, ஈஆர் பாசிட்டிவா இருக்கிறவங்க 5 வருஷம் இதை எடுத்தா, மார்பகப் புற்றுநோயால இறக்கிற ஆபத்து ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு குறையுதுன்னு தெரிஞ்சுது. ஈஆர் நெகட்டிவா இருக்கிறவங்களுக்கு அதனால பலன் கிட்டத்தட்ட இல்ல.

அதனால இந்த டெஸ்ட்டுல ரெண்டு விதமா தப்பு நடக்கலாம். இல்லாததை இருக்குன்னு சொன்னா, பயன் இல்லாத மாத்திரையைப் பல வருஷம் விழுங்கணும். இருக்கிறதை இல்லன்னு சொன்னா, உயிரைக் காப்பாத்தக்கூடிய மாத்திரை எழுதித் தரவே மாட்டாங்க. ரெண்டாவது தப்புல இன்னொரு சிக்கலும் இருக்கு. அது வெளியில தெரியவே தெரியாது. நோய் திரும்பி வந்தா, "இந்த நோயே அப்படித்தான்"னு எல்லாரும் நினைச்சுடுவாங்க.

ஆன்டிபாடி லேபுக்கு வந்த கதை

1958 பக்கத்துல, சிகாகோ பல்கலைக்கழகத்துல எல்வுட் ஜென்சன்னு ஒரு வேதியியலாளர் இருந்தார். அவர் ஈஸ்ட்ரோஜனுக்குக் கதிரியக்க அடையாளம் வச்சு எலிகளுக்குக் கொடுத்தார். மத்த இடத்துல எல்லாம் அது வந்துட்டுப் போயிடுச்சு, கர்ப்பப்பையில மட்டும் தங்கிடுச்சு. அப்போ அங்க அதைப் பிடிச்சு வைக்கிற ஏதோ ஒண்ணு இருக்கணும். அதுதான் இந்த ஏற்பி.

அதுக்கப்புறம் ரொம்ப நாள், கட்டியில ஈஆர் இருக்கான்னு பார்க்க ஒரு வழிதான் இருந்துச்சு. கட்டியை உறைய வச்சு, அரைச்சு, அதுல கதிரியக்க ஈஸ்ட்ரோஜன் எவ்வளவு ஒட்டுதுன்னு அளப்பாங்க. வேலை செய்யும். ஆனா நிறைய திசு வேணும். அதோட, மிக்ஸியில போட்டு அரைச்ச சட்னியில எந்தத் துண்டு தேங்காய், எது பொட்டுக்கடலைன்னு எப்படித் தெரியாதோ, அதே மாதிரி எந்த செல்லுல ஈஆர் இருந்துச்சுன்னு தெரியாது.

இங்கதான் ஆன்டிபாடி வருது. பள்ளிக்கூடத்துல எதிர்ப்பொருள்னு படிச்சிருப்பீங்க. நம்ம உடம்புக்குள்ள அந்நியமா ஏதாவது வந்தா, அதோட வடிவத்துல ஒட்டிக்கிற மாதிரி நம்ம வெள்ளை அணுக்கள் ஒரு புரதம் செய்யும். அதுதான் ஆன்டிபாடி. விஞ்ஞானிகள் இதையே தங்களுக்கு வேலை செய்ய வச்சாங்க. மனுஷப் புரதம் ஒண்ணை எடுத்து எலிக்கோ முயலுக்கோ ஊசி போட்டா, எலிக்கு அது அந்நியம். உடனே அதுக்கு எதிரா ஆன்டிபாடி செய்யும். அந்த ஆன்டிபாடியை எடுத்து, அந்தப் புரதத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிற கருவியா வச்சுக்கலாம்.

ஆனா ஒரு விலங்கோட ரத்தத்துல ஆயிரக்கணக்கான வகை ஆன்டிபாடி கலந்து கிடக்கும். அந்த விலங்கு செத்துட்டா சரக்கும் முடிஞ்சுது. 1975ல கேம்பிரிட்ஜ்ல ஜார்ஜ் கோலர், சீசர் மில்ஸ்டைன் ரெண்டு பேரும் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஆன்டிபாடி செய்ற எலி செல்லை, சாகாம பெருகிக்கிட்டே இருக்கிற ஒரு புற்று செல்லோட இணைச்சாங்க. ஒரே வகை ஆன்டிபாடியை முடிவில்லாம செய்ற செல் கிடைச்சுது. அப்படிக் கிடைக்கிற ஆன்டிபாடிக்கு மோனோகுளோனல்னு பேரு. 1984ல நோபல் பரிசும் கிடைச்சுது.

இந்த வித்தையை வச்சு ஜென்சனோட குழுவில இருந்த ஜெஃப்ரி கிரீன், ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கு மோனோகுளோனல் ஆன்டிபாடி செஞ்சார். 1984ல அதை வச்சுப் பார்த்தப்போ ஒரு ஆச்சரியம். அதுவரைக்கும் இந்தப் புரதம் உட்கருவுக்கு வெளியில உட்கார்ந்திருக்கும், ஹார்மோன் வந்தா மட்டும் உள்ள போகும்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. ஆன்டிபாடி காட்டினது வேற. ஹார்மோன் இல்லாதப்பவும் அது உட்கருவுக்குள்ளதான் இருந்துச்சு. பாடப்புத்தகத்துல இருந்ததையே ஒரு நல்ல ஆன்டிபாடி திருத்திடுச்சு.

ஸ்லைடுல என்ன நடக்குது?

இன்னைக்கு லேப்ல நடக்கிறதைச் சுருக்கமா சொல்றேன். கட்டியில இருந்து எடுத்த திசுவை ஃபார்மலின்ல ஊற வைப்பாங்க. அப்புறம் மெழுகுல பதிச்சு ஒரு கட்டியா ஆக்குவாங்க. இதுக்கு பிளாக்னு பேரு, கடைசியில இது தேவைப்படும், ஞாபகம் வச்சுக்கோங்க. அந்த பிளாக்ல இருந்து தலைமுடியை விட ரொம்ப மெல்லிசா ஒரு சீவல் எடுத்துக் கண்ணாடியில ஒட்டுவாங்க.

ஃபார்மலின் திசுவை அழுகாம காப்பாத்தும். ஆனா புரதங்களை ஒண்ணோட ஒண்ணு கட்டிப் போட்டுடும். அதனால ஆன்டிபாடி ஒட்ட வேண்டிய இடமும் மறைஞ்சுடும். அதை மறுபடி திறக்க, ஸ்லைடை ஒரு திரவத்துல போட்டுச் சூடு பண்ணுவாங்க. அதுக்கப்புறம் ஈஆர் ஆன்டிபாடி. கழுவிட்டு, அதைப் பிடிக்கிற இன்னொரு ஆன்டிபாடி. அதோட ஒரு நொதி கட்டப்பட்டிருக்கும். கடைசியில ஒரு வேதிப்பொருள் ஊத்தினா, நொதி இருக்கிற இடம் மட்டும் பழுப்பாகும். மத்த உட்கருக்கள் நீலமா தெரியும்.

மைக்ராஸ்கோப்புல பார்க்கிற டாக்டர் எண்ணுவார். நூறு புற்று செல்லுல எத்தனை பழுப்பு, எவ்வளவு அழுத்தமான பழுப்பு. இப்போ அமெரிக்க வழிகாட்டுதல்படி 1 சதவீதம் வந்தாலே பாசிட்டிவ்தான். 1ல இருந்து 10க்குள்ள இருந்தா "குறைந்த பாசிட்டிவ்"னு தனியா குறிப்பிடச் சொல்றாங்க.

இப்போ கவனிங்க. இத்தனை படியில எது சொதப்பினாலும் முடிவு ஒரே மாதிரிதான் தெரியும். நிறம் வராது. ஃபார்மலின்ல ஊறினது போதலன்னாலும் நிறம் வராது. சூடு போதலன்னாலும் வராது. ஆன்டிபாடி கெட்டுப் போயிருந்தாலும் வராது. நிஜமாவே அந்தப் புரதம் இல்லன்னாலும் வராது. "இல்ல"ங்கிறதும் "என்னால பார்க்க முடியல"ங்கிறதும் ஸ்லைடுல ஒரே நீலமாத்தான் இருக்கும்.

அப்போ இது ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கிறது எப்படி? கன்ட்ரோல். ஈஆர் கண்டிப்பா இருக்குன்னு ஏற்கெனவே தெரிஞ்ச ஒரு திசுவையும் கூடவே சாயம் ஏத்தணும். அதுல பழுப்பு வரணும். இன்னும் சுலபமா ஒண்ணு இருக்கு. நோயாளியோட அதே சீவல்ல, கட்டிக்குப் பக்கத்துலயே சாதாரண மார்பகத் திசு கொஞ்சம் இருக்கும். அதுல சில செல்கள் எப்பவும் ஈஆர் வச்சிருக்கும். அது பழுப்பாகலன்னா, கட்டி நெகட்டிவ்னு சொல்லக்கூடாது. "டெஸ்ட் வேலை செய்யல, திரும்பப் பண்ணுங்க"ன்னுதான் சொல்லணும்.

கேட்கிறதுக்கு ரொம்பச் சின்ன விஷயமா இருக்கில்ல? அது விட்டுப்போனா என்ன ஆகும்னு கனடாவுல நடந்த ஒரு விஷயம் காட்டுது.

நியூஃபவுண்ட்லாந்து: நிறம் வராத ஸ்லைடுகள்

கனடாவோட கிழக்கு ஓரத்துல நியூஃபவுண்ட்லாந்து அண்ட் லாப்ரடார்னு ஒரு மாகாணம் இருக்கு. மக்கள்தொகை உத்தேசமா 5 லட்சம்தான். அங்க ஈஆர் டெஸ்ட் பெரும்பாலும் ஒரே லேப்ல, செயின்ட் ஜான்ஸ் நகரத்துல நடந்துச்சு. 1997ல அவங்க பழைய முறையை விட்டுட்டு, நான் இப்போ சொன்ன ஆன்டிபாடி முறைக்கு மாறினாங்க.

2005ல ஒரு நோயாளியோட ரிசல்ட் மேல டாக்டருக்குச் சந்தேகம் வந்துச்சு. அவங்களுக்கு வந்திருந்த புற்றுநோய் வகை பொதுவா ஈஆர் பாசிட்டிவா இருக்கிறது. ஆனா ரிப்போர்ட்ல நெகட்டிவ். திரும்ப டெஸ்ட் பண்ணாங்க, பாசிட்டிவ்னு வந்துச்சு. இன்னும் சில பேரோடதை எடுத்துப் பார்த்தாங்க. அதுலயும் பல மாறுச்சு.

அப்புறம் 1997லேருந்து 2005 வரைக்கும் நெகட்டிவ்னு சொன்ன ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளோட திசுக்களை எடுத்து, டொரண்டோவுல இருக்கிற மவுண்ட் சினாய் மருத்துவமனைக்கு அனுப்பினாங்க. அதுல 380 பேருக்கும் மேல தப்பான ரிசல்ட் வாங்கியிருக்காங்கன்னு தெரிய வந்துச்சு. அவங்கள்ல நூறு பேருக்கும் மேல, உண்மை வெளியில வர்றதுக்குள்ள இறந்து போயிருந்தாங்க. இறந்த எல்லாரும் இந்தத் தப்பாலதான் இறந்தாங்கன்னு சொல்ல முடியாது. ஆனா அவங்களுக்கு டமாக்சிஃபென் எடுக்கிற வாய்ப்பு கிடைச்சிருக்கணும், கிடைக்கல. அதுல சந்தேகமே இல்ல.

அரசு ஒரு விசாரணை ஆணையம் அமைச்சுது. நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில விசாரணை நடந்து, 2009ல அறிக்கை வந்துச்சு. நோயாளிகள் போட்ட வழக்கும் அதே வருஷம் 1.75 கோடி கனடா டாலருக்கு முடிவுக்கு வந்துச்சு. அறிக்கையில ஒரே ஒரு ஆளையோ ஒரே ஒரு பாட்டிலையோ காட்டி "இதுதான் காரணம்"னு சொல்ல முடியல. திசு சரியா பதப்படுத்தப்படல, தரக்கட்டுப்பாடு ஒழுங்கா இல்ல, கன்ட்ரோலைக் கவனிச்சுக் கேள்வி கேட்கிற பழக்கம் இல்ல. அதைவிட, தப்பு தெரிஞ்ச பிறகும் நோயாளிகளுக்கு ஒழுங்கா, சீக்கிரமா சொல்லல.

எனக்கு இதுல உறுத்துற விஷயம் என்னன்னா, அந்த 8 வருஷமும் ஸ்லைடுகள் பத்திரமா அலமாரியிலதான் இருந்துச்சு. பக்கத்துல இருந்த சாதாரண செல்கள் பழுப்பாச்சா இல்லையான்னு யாராவது அந்த ஸ்லைடுகளை எடுத்துத் தொடர்ந்து கேட்டிருந்தா, கதை வேற மாதிரி போயிருக்கும்.

ஈஆர் பீட்டா: தப்பான ஆளுக்கு வந்த நிறம்

இதுவரைக்கும் பார்த்தது வர வேண்டிய நிறம் வராத கதை. இப்போ வரக்கூடாத நிறம் வந்த கதை.

1996ல ஸ்வீடன்ல, கரோலின்ஸ்கா இன்ஸ்டிடியூட்ல ஜான்-ஓக்கே குஸ்டாஃப்ஸன் குழு ஒரு புது விஷயம் சொன்னாங்க. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஒண்ணு இல்ல, ரெண்டு இருக்கு. பழசுக்கு ஆல்ஃபா, புதுசுக்கு பீட்டான்னு பேரு வச்சாங்க. ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி. டிஎன்ஏவைப் பிடிக்கிற பகுதி ரெண்டுலயும் 95 சதவீதத்துக்கு மேல ஒண்ணுதான். ஆனா வேற வேற ஜீன்ல இருந்து வருது.

பெரிய எதிர்பார்ப்பு வந்துச்சு. ஆல்ஃபா கட்டியை வளர்க்குதுன்னா, பீட்டா ஒருவேளை பிரேக் போடுதோ? அப்படின்னா பீட்டாவைத் தூண்டுற மருந்து செய்யலாமே? உலகம் முழுக்க ஆராய்ச்சியில இறங்கினாங்க. கம்பெனிகள் பீட்டாவுக்கு ஆன்டிபாடி வித்தாங்க. மார்பகக் கட்டியில போட்டுப் பார்த்தாங்க. பழுப்பு வந்துச்சு, கட்டுரைகளும் நிறைய வந்துச்சு. ஆனா முடிவுகள் ஒத்துப் போகல. ஒரு குழு, பீட்டா இருந்தா நோயாளிக்கு நல்லதுன்னு சொல்லும். இன்னொரு குழு, கெட்டதுன்னு சொல்லும். மூணாவது குழு, சம்பந்தமே இல்லைன்னு சொல்லும்.

2017ல ஸ்டாக்ஹோம்ல செசிலியா வில்லியம்ஸ் குழு ஒரு அடிப்படைக் கேள்வி கேட்டாங்க. "இந்த ஆன்டிபாடிகள் நிஜமாவே பீட்டாவைத்தான் பிடிக்குதா?" மார்க்கெட்டுல இருந்த 13 ஆன்டிபாடிகளை எடுத்து, பல விதமா சோதிச்சாங்க. பீட்டா இருக்கிற செல், இல்லாத செல் ரெண்டுலயும் போட்டுப் பார்த்தாங்க. ஆன்டிபாடி பிடிச்சுக்கிட்டு வந்த புரதத்தை எடை பார்த்து அடையாளம் காணுற கருவியில கொடுத்துப் பார்த்தாங்க.

எல்லாச் சோதனையிலும் தேறினது ஒண்ணே ஒண்ணு.

அந்த ஒண்ணை வச்சு மனுஷ உடம்போட திசுக்களை வரிசையா பார்த்தாங்க. விரை, சினைப்பை, நோய் எதிர்ப்பு செல்கள் இங்கெல்லாம் பீட்டா இருந்துச்சு. சில வகைப் புற்றுநோய்லயும் இருந்துச்சு. ஆனா மார்பகத்துல? சாதாரண மார்பகத்துலயும் சரி, மார்பகப் புற்றுநோய்லயும் சரி, இருக்கிறதுக்கு ஆதாரம் கிடைக்கல. அதே வருஷம் கேம்பிரிட்ஜ்ல இன்னொரு குழுவும் தனியா பீட்டா ஆன்டிபாடிகளைச் சோதிச்சு, அதிகம் பயன்படுத்துற பலதையும் நம்ப முடியலன்னு எழுதினாங்க.

இதை எல்லாரும் அப்படியே ஏத்துக்கிட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். மார்பகத்துல கொஞ்சமா இருக்கலாம்னு இப்பவும் வாதாடுறவங்க இருக்காங்க. ஆனா ஒண்ணு உறுதி. பழைய கட்டுரைகள்ல வந்த பழுப்பு நிறத்தை மட்டும் வச்சு இனி எதையும் சொல்ல முடியாது. 20 வருஷம் ஆராய்ச்சியாளர்கள் உழைச்சாங்க, நோயாளிகள் தங்களோட திசுவைக் கொடுத்தாங்க. அதுல எவ்வளவு வேற ஏதோ ஒரு புரதத்தைப் பத்தினதுன்னு பிரிச்சுப் பார்க்கவே பெரிய வேலை.

ஏன் இப்படி ஆகுது? ஆன்டிபாடிக்குப் புரதத்தோட பேர் தெரியாது. அது வடிவத்தைத்தான் பார்க்கும். பழைய ஸ்கூட்டர் சாவி பக்கத்துல நிக்கிற வேற வண்டிக்கும் பொருந்தி, ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டுல யாரோட வண்டியையோ ஸ்டார்ட் பண்ண கதை கேள்விப்பட்டிருப்பீங்க. சாவி மேல உங்க பேர் எழுதியிருந்தாலும், பூட்டுக்கு அது தெரியாது. அதே மாதிரிதான், பாட்டில் மேல "ஈஆர் பீட்டா"ன்னு லேபிள் ஒட்டினது கம்பெனி. உள்ள இருக்கிற ஆன்டிபாடி எது மேல வேணாலும் ஒட்டலாம்.

நல்ல சாவியா, கெட்ட சாவியா?

இதைச் சோதிக்க இப்போ ஒரு நல்ல வழி இருக்கு. கிரிஸ்பர்ங்கிற ஜீன் வெட்டுற முறையில, ஒரு செல்லுல அந்தப் புரதத்தோட ஜீனை மட்டும் நீக்கிடலாம். இப்போ கையில ரெண்டு வகை செல் இருக்கும். ஒண்ணுல புரதம் இருக்கும், இன்னொண்ணுல இருக்கவே இருக்காது. மத்தபடி ரெண்டும் அச்சு அசலா ஒண்ணுதான். நல்ல ஆன்டிபாடி முதல் செல்லுல மட்டும் ஒட்டணும். ரெண்டுலயும் ஒட்டுச்சுன்னா, அது வேற எதையோ பிடிக்குதுன்னு அர்த்தம்.

கனடாவுல மாண்ட்ரியால்ல ஒய்காரோஸ்னு ஒரு திட்டம் இதைப் பெரிய அளவுல செய்றாங்க. மூளை சம்பந்தப்பட்ட 65 புரதங்களுக்கு மார்க்கெட்டுல விக்கிற 614 ஆன்டிபாடிகளை இப்படிச் சோதிச்சாங்க. எந்தச் சோதனைங்கிறதைப் பொறுத்து, பாதியிலேருந்து முக்கால்வாசி புரதங்களுக்கு நல்ல ஆன்டிபாடி ஒண்ணாவது இருந்துச்சு. அது நல்ல செய்தி. கெட்ட செய்தி என்னன்னா, சோதனையில தோத்துப்போன ஆன்டிபாடியை வச்சு எழுதின கட்டுரைகள் ஒரு புரதத்துக்குச் சராசரியா 12 இருந்துச்சு. அதைவிட முக்கியம், விக்கிற கம்பெனிகள் பலரும் இந்தத் திட்டத்தோட சேர்ந்து வேலை செஞ்சாங்க. ரிசல்ட் பார்த்துட்டுச் சிலதை விற்பனையில இருந்தே எடுத்தாங்க, சிலதுக்கு எதுக்குப் பயன்படுத்தணும்ங்கிற பரிந்துரையை மாத்தினாங்க.

கேட்கிறவங்கள்ல பயோடெக், லைஃப் சயின்ஸ் படிக்கிறவங்க கண்டிப்பா இருப்பீங்க. உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ப்ராஜெக்ட்டுக்கு ஆன்டிபாடி வாங்கும்போது "சீனியர் இதைத்தான் யூஸ் பண்ணாங்க"ன்னு வாங்காதீங்க. அந்தப் புரதம் இல்லாத செல்லுல போட்டுப் பார்த்த டேட்டா இருக்கான்னு தேடுங்க. இல்லன்னா நீங்களே ஒரு நெகட்டிவ் கன்ட்ரோல் வைங்க. ஆய்வறிக்கையில கேட்டலாக் நம்பர், குளோன் பேரு, லாட் நம்பர் மூணும் எழுதுங்க. ஒரு மாச வேலை கூடும்தான். தப்பான புரதத்தைத் துரத்துறதுல போற வருஷங்களோட ஒப்பிட்டா அது ஒண்ணுமில்ல.

வீட்டுல ரிப்போர்ட் வந்தா

முதல்ல பயந்துடாதீங்க. மருத்துவமனையில ஈஆர் ஆல்ஃபாவுக்குப் பயன்படுத்துற ஆன்டிபாடிகள் பல வருஷமா பரிசோதிச்சு நிலைச்சு நின்னவை. நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்புறம் உலகம் முழுக்க லேப்கள் நிறைய பாடம் கத்துக்கிட்டு இருக்கு. நிஜமாவே ஈஆர் நெகட்டிவா இருக்கிற புற்றுநோயும் நாலுல ஒரு பங்கு இருக்கு. அதுக்கு வேற சிகிச்சைகள் இருக்கு. அதனால நெகட்டிவ்னு வந்தாலே ரிப்போர்ட் தப்புன்னு நினைக்காதீங்க.

ஆனா சில கேள்விகளைக் கேட்கிறதுல தப்பே இல்ல. டாக்டர்கிட்ட மரியாதையா, தெளிவா கேட்கலாம்.

ஒண்ணு, ரிப்போர்ட்ல வெறும் பாசிட்டிவ், நெகட்டிவ் மட்டும் இருக்கா, இல்ல எத்தனை சதவீதம், எவ்வளவு அழுத்தம்னும் இருக்கா? ஆல்ரெட் ஸ்கோர்னு 8க்கு இத்தனைன்னு போட்டிருந்தா, அது இது ரெண்டையும் சேர்த்த மதிப்பெண்தான்.

ரெண்டு, கன்ட்ரோல் சரியா வந்துச்சா? நல்ல ரிப்போர்ட்ல இது ஒரு வரியா இருக்கும். "உள் கன்ட்ரோல் பாசிட்டிவ்" அப்படின்னு. நெகட்டிவ்னு வந்த ரிப்போர்ட்டுக்கு இந்த வரிதான் உயிர்.

மூணு, திசு எவ்வளவு நேரம் ஃபார்மலின்ல இருந்துச்சு? 6 மணி நேரத்துல இருந்து 72 மணி நேரம் வரைக்கும்னு வழிகாட்டுதல் இருக்கு.

நாலு, ரிசல்ட் நோயோட வகைக்குப் பொருந்துதா? நியூஃபவுண்ட்லாந்துல எல்லாத்தையும் வெளியில கொண்டு வந்தது இந்த ஒரு சந்தேகம்தான். டாக்டருக்கே இது பொருந்தலன்னு தோணினா, அந்த மெழுகு பிளாக்கை வாங்கி இன்னொரு லேப்ல திரும்பப் பார்க்கலாம். பிளாக்கை லேப்ல வச்சிருப்பாங்க. இதுக்குன்னு புதுசா பயாப்சி எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

இது எதுவும் டாக்டரை நம்பாம இருக்கிறதுக்கு இல்ல. நல்ல டாக்டரும் நல்ல லேப் டெக்னீஷியனும் இதே கேள்விகளைத் தினமும் தங்களுக்குள்ள கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. நாமளும் கேட்டா அவங்களுக்கு அது துணைதான்.

அவ்வளவுதான் இந்த எபிசோடு. சிகிச்சை முடிவு எதுவா இருந்தாலும் உங்க டாக்டரோட பேசி எடுங்க, இந்த எபிசோடைக் கேட்டு மாத்திரையைத் தொடங்கவோ நிறுத்தவோ செய்யாதீங்க. வீட்டுல அம்மா, அத்தை, பெரியம்மான்னு யாராவது இந்த ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு "பாசிட்டிவ்னு போட்டிருக்கே"ன்னு பயந்துக்கிட்டு இருந்தா, பக்கத்துல உட்கார்ந்து அந்த வரிக்கு என்ன அர்த்தம்னு அவங்களுக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல சந்திக்கலாம்.